டாக்கா தின்

அப்பா வரப்பை விட்டு இறங்கிப் போன விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் அவர். அன்றைக்குச் சத்தம் போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார், திரும்பப் போட்டுக்கொண்டார், கால்வாய்க் கரையைப் பார்த்து நடந்துவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் நான் கைபேசியைப் பையில் போடப் போக, விரல் எங்கேயோ பட்டு, அது தான் சொன்னதையே இன்னொரு தரம் சொன்னது: “பணத்தைக் கொடு.”

போன பிசானப் பருவத்தில் நடந்தது இது. நட்ட நெல் விளைந்து, அறுத்து, மூடையும் போய்விட்டது. அந்தக் ‘கொடு’ மட்டும் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய கதைதான், முக்கால்வாசி.

எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. நான் குடியிருப்பது பாளையங்கோட்டையில். விதைப்புக்கும் அறுப்புக்கும் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகிற விவசாயி. நடுவைக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்பு குலவையிட்டு நட்ட பெண்களில் பாதிப் பேருக்கு முட்டுவலி, மீதிப் பேருடைய பிள்ளைகள் திருப்பூரில். ஆகவே முதல்முறையாக வடக்கத்தி ஆட்களை வைத்து நடுவது என்று முடிவானது. ஏக்கருக்கு 5,000 ரூபாய் என்று தரகர் பேசிவிட்டார். 12 பேர் வந்தார்கள், மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் பக்கமாம். எல்லாரும் இருபதைத் தாண்டாத பையன்கள். அவர்களுக்குத் தலைவராக அறுபதை நெருங்கிய ஒருவர் மட்டும் இருந்தார். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட சாரம் (கைலி). சாரத்தைப் பார்த்ததுமே அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது என் ஊகம். “மேலப்பாளையத்து ஆளு மாதிரில்லா இருக்காரு” என்றவர், அந்த நிமிஷத்திலிருந்து அவரைப் பாய் ஆக்கிவிட்டார்.

தரகர் முதல் நாள் மட்டும் நின்று இந்தியில் ஏதோ பேசிவிட்டு அடுத்த கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். அப்புறம் எங்களுக்கு நடுவில் இருந்தது என் கைபேசிதான். அதில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி. எது என்று பெயர் வேண்டாம். மைக் பொத்தானை அமுக்கித் தமிழில் பேசினால் வங்காளத்தில் சொல்லும், அவர் வங்காளத்தில் பேசினால் தமிழில் சொல்லும். வயலுக்குள் சிக்னல் இரண்டு கோடுதான். ஆகவே வரப்பில் ஒரு குறிப்பிட்ட தென்னைக்குக் கீழே நின்றுதான் எல்லாப் பேச்சுவார்த்தையும்.

பத்து மரக்கால், ஒரு கோட்டை

முதல் பேச்சே விளையாட்டாகிவிட்டது. அப்பா கையை நீட்டிக் காட்டி, “பாய், இது ஒரு கோட்டை விதப்பாடு. அந்தால கெடக்கது பத்து மரக்கா” என்றார். 21 மரக்கால் ஒரு கோட்டை என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அத்தனை விதை எவ்வளவு நிலத்துக்குக் காணுமோ அதுதான் கோட்டை விதைப்பாடு. பாய் கைபேசியைக் கேட்டார், வயலைப் பார்த்தார், மறுபடி கைபேசியைப் பார்த்தார். எனக்குச் சந்தேகம் வந்து, அதே வாக்கியத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். இங்கே ஒரு கோட்டை இருக்கிறது, அங்கே பத்து மரத்தாலான கால்கள் கிடக்கின்றன என்றது. போர் முடிந்த இடத்தைக் காட்டுவது மாதிரி அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அதோடு நிற்கவில்லை. கார் என்பது ஒரு நெல் பருவம், பூ என்றால் போகம். “கார் பூவுல இது நல்லா வெளஞ்சுது” என்றால், கார் வண்டியாகிவிட்டது, பூ பூவாகவே இருந்துவிட்டது. நாற்றுக் கட்டை எங்கள் ஊரில் முடி என்போம். “முடிய அங்கங்க வெளம்பச் சொல்லு” என்று அப்பா சொன்னதைக் கேட்டு பையன்களில் ஒருவன் தலையைத் தடவிக்கொண்டது தற்செயலாகவும் இருக்கலாம். “பைய நடச் சொல்லு, பின்னால வேர் மெதக்கும்” என்றார். பை எங்கே இருக்கிறது என்று அவர்கள் தேடினார்கள். இதற்கு நடுவில் பாய்க்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும் என்பது வெளியே வந்தது. பெரும்பாவூரில் சில வருஷம் இருந்தாராம். இரண்டாம் நாள் மத்தியானம், அப்பாவைப் பார்த்து “வெள்ளம், வெள்ளம்” என்றார். 2023 டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர் அப்பா. அந்தச் சொல்லைக் கேட்டதும் மேற்கே மலையைத் திரும்பிப் பார்த்துவிட்டார். பாவம், அந்த மனுஷர் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் அந்தச் செயலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் பிறந்த தமிழர் ஒருவரிடம் மரக்கால் விதைப்பாடு என்றாலும் முழிப்பார். ஆனால் முழிப்பார் இல்லையா? “என்னது, என்னது?” என்று ஒரு கேள்வி கேட்பார். இது கேட்பதில்லை. புரிந்தாலும் புரியாவிட்டாலும் அதே குரலில், அதே வேகத்தில், ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது.

மூன்றாம் நாளுக்குள் நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். அப்பா பேசுவதற்கு முன்னால் அதை நான் கைபேசித் தமிழுக்கு மாற்றிச் சொல்லிக்கொடுப்பேன். “அப்பா, முடின்னு சொல்லாதீங்க, நாற்றுக் கட்டுன்னு சொல்லுங்க. பைய வேண்டாம், மெதுவாக.” அப்பாவும் நிமிர்ந்து நின்று, கைபேசியை வாய்க்கு நேரே பிடித்து, திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சி வாசிப்பவர் மாதிரி, “நாற்றுக் கட்டுகளைப் பிரித்து வையுங்கள்” என்பார். அப்பா வாயிலிருந்து ‘வையுங்கள்’ என்று ஒரு சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல என்னைப் பார்த்தார். எழுபது வயதில் அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு கூச்சம். வேலை நடந்ததால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அப்படித் திருத்தும்போது இன்னொன்றையும் திருத்தினேன். அப்பா பாயை ‘நீரு’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “நீரு சாப்ட்டீரா?” என்று கேட்டால் செயலி அந்த நீரைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. “நீங்கன்னே சொல்லுங்க, எதுக்கு வம்பு” என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

இந்த நீரு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு ஆளை மூன்று விதமாகக் கூப்பிடலாம். சின்னப் பையன் என்றால் ‘வால’. மூத்தவர், மாப்பிள்ளை, சர்க்கார் ஆள் என்றால் ‘வாங்க’. இரண்டுக்கும் நடுவில் ‘வாரும்’ என்று ஒன்று உண்டு. அது வயதும் நிலையும் ஒத்துப்போகிற ஆளுக்கு. பத்திரிகை வைக்கத் தேடிப் போகிற ஆளுக்கு, கடன் கொடுத்துவிட்டுக் கேட்கத் தயங்குகிற ஆளுக்கு, ‘என்னவே’ என்று கேலி பேசலாம் ஆனால் தோளில் கை போட முடியாது என்கிற ஆளுக்கு. அப்பா ஒரு மனுஷரை நீரு என்று கூப்பிட ஆரம்பித்தால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார் என்று அர்த்தம். சிலரை அந்த இடத்துக்குக் கொண்டுவர அவருக்கு வருஷக் கணக்காகும். பாய்க்கு அது இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. நான் இதுவரை ஒருவரையும் நீரு என்று கூப்பிட்டதில்லை. என் வயதுக்காரர்களிடம் அந்தப் படி இல்லை. நீ, நீங்க, அவ்வளவுதான்.

நாலாம் நாள் சாயங்காலம்

முக்கால்வாசி நட்டாயிற்று. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பேச்சின்படி பணம் வேலை முடிந்த பிறகுதான். முன்பணம் தரகர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதில் பையன்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பாய் வாய்க்காலில் கைகாலைக் கழுவி, சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, தென்னைக்குக் கீழே வந்தார். பின்னால் இரண்டு பையன்கள் தள்ளி நின்றார்கள். நான் கைபேசியை நீட்டினேன். தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். டில்லர் சத்தத்தில் செயலிக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். அதில் ‘டாக்கா தின், டாக்கா தின்’ என்பது மட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா சிரித்துவிட்டு, “எதயோ திங்கச் சொல்லுதாரு பாரு” என்றார். பாயும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல்.

அப்போதுதான் கைபேசி பேசியது. அந்த அறிவிப்பாளர் பெண் குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல்: “பணத்தைக் கொடு. பையன்களுக்கு அரிசி வாங்க வேண்டும்.”

அப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. ஒரு நொடிதான். அதற்குப் பிறகு துண்டை உதறினதும் இறங்கிப் போனதும். பாய் அவர் போவதைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். என்னவோ தப்பாகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தான் சொன்னதில் எந்தச் சொல் என்றுதான் தெரியவில்லை. கைபேசியை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த மலையாளத்தை எடுத்தார். “மொதலாளி, அரி… அரி…” என்று விரலைக் குவித்து வாய்க்கு நேரே காட்டினார். மேல் பையில் இருந்த 3,000 ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது நானே பேச்சை எடுத்தேன். அவர் சொன்னார்:

“கேட்டதுல ஒண்ணும் தப்பு இல்லல. சோத்துக்கு இல்லன்னா கேக்கத்தான் செய்வான். ஆனா ‘கொடு’ன்னா?”

பாய் அதற்குள் ‘அவன்’ ஆகியிருந்ததைக் கவனித்தேன்.

“அது போன் சொன்னதுப்பா.”

“போனு அதா சொல்லுமோ? அவன் சொன்னதத்தான சொல்லுது?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தரகர் நடுவில் நின்று ‘பணத்தைக் கொடு’ என்று சொல்லியிருந்தால், தரகருக்கு வாய் சரியில்லை என்று அப்பா சொல்லியிருப்பார். ஊரில் ஒருவர் சொல்லிவிட்டதை இன்னொருவர் வந்து சொல்லும்போது எவ்வளவு அவருடைய சரக்கு, எவ்வளவு இவருடைய சரக்கு என்று பிரித்துப் பார்க்க நமக்குத் தெரியும். கைபேசிக்குச் சொந்தமாக ஒரு குணம் இருப்பதாக நாம் நினைப்பதில்லை. ஆகவே அதன் வாய்த்துடுக்கும் பாய் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

செயலியில் அன்றன்று பேசியதெல்லாம் எழுத்தாகக் கிடந்தது. வங்காள எழுத்து எனக்கு வெறும் கோலம். கொல்கத்தாவில் ஐந்து வருஷம் வங்கி வேலையில் இருந்த நண்பர் ஒருவர் இப்போது கே.டி.சி. நகரில் இருக்கிறார். அவருக்கு நாலு நாள் பேச்சையும் படம் பிடித்து அனுப்பினேன். பதினொரு மணிக்கு மேல் ஒரு குரல் பதிவு வந்தது. சிரித்துக்கொண்டே பேசினார்.

“ஏம்வே, அந்தாளு நல்ல மரியாதையால்லா கேட்டிருக்காரு. ‘டாக்கா’ன்னா பணம். ‘தின்’னுன்னா கொடுங்க. சின்னப் பையன்ட்ட கேட்டா ‘தே’, நம்மள மாதிரி ஆளுட்ட ‘தாவோ’, பெரியவங்கட்ட ‘தின்’. நம்ம தா, தாரும், தாருங்க மாதிரியே வச்சுக்கிடும். உங்க அப்பா பேசினதத்தான் சகிக்கல. ஒரு வரியில துமிங்காரு, அடுத்த வரியில ஆப்னிங்காரு. நீருன்னு ஆரம்பிச்சு நீங்கன்னு முடிக்க மாதிரி இருக்கு.”

அதை நாலைந்து முறை கேட்டேன். அவர் என்னை ‘ஏம்வே’ என்று கூப்பிட்டதே அப்புறம்தான் உறைத்தது.

மூன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே

வங்காளத்தில் மூன்று படி: துய், துமி, ஆப்னி. எங்கள் ஊரில் மூன்று படி. இரண்டு பக்கமும் ஏணி ஒரே மாதிரி இருக்கிறது. தென்னைக்கு இந்தப் பக்கம் அப்பா நடுப்படியில் நின்று பேசுகிறார், அந்தப் பக்கம் பாய் ஒரு படி ஏற்றி வைத்துப் பேசுகிறார். இதில் எங்கேயும் தப்பு நடக்க வழியே இல்லை. நடுவில் என்ன இருந்தது என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றைக்கு ராத்திரிதான்.

தமிழும் வங்காளமும் இந்த இயந்திர மொழிபெயர்ப்பு உலகத்துக்குள் சேர்ந்தே நுழைந்தவை. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011 ஜூனில் ஒரே நாளில் சேர்க்கப்பட்ட ஐந்து இந்திய மொழிகளில் இரண்டும் உண்டு. 2017-ல் நரம்பியல் வலைப் பின்னல் முறைக்கு மாறியதும் ஒன்றாகத்தான். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றவை அல்ல. இந்த மாதிரி இயந்திரங்கள் கற்பது இணை உரைகளிலிருந்து. ஒரே விஷயம் இரண்டு மொழியில் இருக்க வேண்டும். ஐ.நா. ஆவணங்கள், நாடாளுமன்றக் குறிப்புகள், செய்திகள். தமிழுக்குக் கிடைக்கிற இணை உரையில் பெரும்பகுதி ஆங்கிலத்தோடு சோடி சேர்ந்தது. வங்காளத்துக்கும் அப்படியே. தமிழும் வங்காளமும் நேருக்கு நேர் உட்கார்ந்த பக்கங்கள் சொற்பம். அதனால் நெடுங்காலம் இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்குப் போக ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவதே வழக்கமாக இருந்தது. ஆங்கிலத்துக்கோ ஒரே படிதான். முன்னொரு காலத்தில் அதற்கும் thou, you என்று இரண்டு இருந்தது. முதலாவதைக் கோயிலோடு விட்டுவிட்டது. ‘தே’ என்றாலும் ‘தின்’ என்றாலும் அங்கே போனால் ஒன்றுதான். அந்த ஒன்றிலிருந்து தமிழுக்கு வரும்போது கொடுவா, கொடுமா, கொடுங்களா என்று ஏதாவது ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்துப் போட வேண்டியதுதான்.

இதில் எங்களுக்கு என்று ஒரு வேடிக்கை உண்டு. இணை உரை அருகிப்போன மொழிகளுக்கு ஆய்வாளர்கள் வழக்கமாகத் தேடிப் போவது விவிலியத்தை. உலகத்தில் அத்தனை மொழியில் கிடைக்கிற நூல் வேறில்லை. தமிழ் விவிலியத்தைச் சாதாரண ஆளுக்குப் புரிகிற நடையில் திருத்த வேண்டும் என்று மல்லுக்கு நின்ற ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் 1820-ல் வந்து உட்கார்ந்தது பாளையங்கோட்டையில்தான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒலிபெருக்கி வைத்து ஜெபம் பண்ணினால் ஆண்டவரை நீர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆண்டவருக்கும் பாய்க்கும் ஒரே மரியாதை. அந்த நீரைத்தான் செயலி குடத்தில் மொண்டுகொண்டு போனது. நானும் சேர்ந்து அப்பா வாயிலிருந்து பிடுங்கினேன்.

உறுத்துவது இதுதான். செயலி செய்ததை மன்னித்துவிடலாம், அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எதற்கு வம்பு என்று நானே ஒரு படியை எடுத்துவிட்டேன். பாயின் காதுக்கு எந்த வார்த்தை போனாலும் சரி, அப்பா ‘நீரு’ என்று சொல்லும்போது அவர் முகமும் கையும் ஒரு மாதிரி இருக்கும். அதைப் பாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ‘வையுங்கள்’ என்று வானொலிக் குரலில் பேச ஆரம்பித்த பிறகு அப்பா பாயைப் பார்க்கவே இல்லை, கைபேசியைப் பார்த்தார்.

இதனால் அந்தச் செயலியை நான் அழித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் நடுவையே நடந்திருக்காது. ஐந்தாம் நாள் ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா, முன்னால் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்டதும் அவன் சொன்ன பதிலும் தங்குதடையில்லாமல் போய் வந்தன. காய்ச்சலுக்கு மரியாதைப் பன்மை தேவைப்படவில்லை. மேடைப் பேச்சுக்கும் அப்படித்தான் போல. 2023 டிசம்பர் 17 அன்று காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேசப் பேச, மத்திய அரசின் மொழிபெயர்ப்புக் கருவியான பாஷினி மூலம் அங்கிருந்தவர்களுக்குத் தமிழில் உடனுக்குடன் கேட்டது. எங்களுக்கு அந்தத் தேதி வேறு காரணத்துக்காக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் இங்கே அந்த மழை பிடித்தது.

குரல் பதிவு வந்த மறுநாள் காலையில் அப்பாவிடம் நண்பர் சொன்னதைச் சொன்னேன். தே, தாவோ, தின். இட்லியைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். “தின்னுன்னா கொடுங்கவா?” என்று ஒரு தடவை கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் தூக்குவாளியைக் காணோம், அவரையும் காணோம்.

வயலுக்குப் போனபோது வரப்பில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தூக்குவாளி. அப்பா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், கன்னடியன் கால் கதையாக இருக்கும். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி பசு போன தடத்திலேயே வெட்டிய கால்வாய் என்று, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். “நமக்குத் தண்ணி கொண்டாந்தவனுக்கும் தமிழ் தெரியாதுல்லா” என்று முடிப்பார். பாய்க்கு எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஏதோ சொன்னார், கையால் ஆற்றையும் மேட்டையும் காட்டினார். அப்பா “அப்படியா வே” என்றார். நான் தென்னைக்கே போகவில்லை.

ஏழாம் நாள் நடுவை முடிந்தது. கணக்கைத் தீர்த்து, அப்பா தன் கையால் பணத்தைக் கொடுத்தார். பையன்கள் வேனில் ஏறினார்கள். பாய் கடைசியாக வந்து, நெஞ்சில் கையை வைத்து, “ஆஷி” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். “காருக்கும் வாரும்” என்றார் அப்பா. வேன் போன பிறகு என்னிடம், “என்னய விட எளயவரு, எனக்கு ஆசி சொல்லிட்டுப் போறாரு பாத்தியா” என்று சிரித்தார்.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆசியும் இல்லை ஒன்றும் இல்லை, ‘ஆஷி’ என்றால் ‘வாரேன்’ என்றார். புறப்படும்போது அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். அதை அப்பாவிடம் சொன்னேன்.

“பின்னே? போறேன்னா சொல்லுவாவ?” என்றார்.